அட்டையின் பின்பக்கத்தில் ஒரு வரி

போன வருஷம் ஒரு சனிக்கிழமை மதியம் நண்பர் ஒருவர் தடிமனான ஒரு ஃபைலோடு வீட்டுக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், நியூஜெர்சிக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. பையனுக்கு ஐந்து வயது, ஆட்டிசம். டாக்டர் ஏ.பி.ஏ. தெரபி என்ற நடத்தைப் பயிற்சிச் சிகிச்சை எழுதிக் கொடுத்திருக்கிறார், வாரத்துக்கு இருபது மணி நேரம். இன்சூரன்ஸ் முடியாது என்று சொல்லிவிட்டது. கைக்காசில் கொடுத்தால் மாதச் சம்பளத்தில் பாதி போய்விடும்.

"அண்ணே, ஆட்டிசத்துக்கு கவர் பண்ணியே ஆகணும்னு இந்த மாநிலத்துல சட்டம் இருக்கு. நான் படிச்சுட்டேன். அப்புறம் எப்படி இவங்க முடியாதுங்கறாங்க?"

அவர் சொன்னது சரி. 2009-ல் நியூஜெர்சி அப்படி ஒரு சட்டம் போட்டது, ஏ.பி.ஏ. தெரபியும் அதில் வருகிறது. மாநில இன்சூரன்ஸ் துறைக்கு அவர் புகாரே எழுதியிருந்தார். பதிலும் மரியாதையாக வந்திருந்தது: உங்கள் திட்டம் எங்கள் அதிகாரத்துக்குள் வராது, ஃபெடரல் (மத்திய அரசு) தொழிலாளர் துறையை அணுகவும். இன்சூரன்ஸ் பிரச்சினைக்கு லேபர் டிபார்ட்மென்ட் எதற்கு என்று அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் விளங்காமல்தான் இருந்தது.

அவருடைய இன்சூரன்ஸ் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் ஊரறிந்த ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர், பெரிதாக. பின்பக்கம், மூக்குக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத எழுத்தில் ஒரு வரி: இந்நிறுவனம் நிர்வாகச் சேவை மட்டுமே அளிக்கிறது, கிளெய்ம்களுக்கான நிதிப் பொறுப்பு எதையும் ஏற்பதில்லை.

அவ்வளவுதான் விஷயம். அவரிடம் இருப்பது சட்டப்படி பார்த்தால் இன்சூரன்ஸே கிடையாது.

பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் தங்கள் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே தங்கள் கணக்கிலிருந்து கொடுக்கின்றன. இதற்கு செல்ஃப்-ஃபண்டட் என்று பெயர். இன்சூரன்ஸ் கம்பெனி கூலிக்குக் கணக்குப் பார்க்கிறது. பில்லை வாங்கும், டாக்டர்களோடு பேரம் பேசி வைத்திருக்கும், உங்களுக்கு மறுப்புக் கடிதமும் அனுப்பும். ஆனால் பணம் உங்கள் முதலாளியுடையது. வேலை வழியாகக் கவரேஜ் வாங்கும் ஊழியர்களில் 100-க்கு 60 பேருக்கும் மேல் இப்படித்தான் இருக்கிறார்கள், அதில் பாதிப் பேருக்குமேல் அது தெரியாது என்பது என் சொந்தக் கணிப்பு. நம் ஐ.டி. ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், முன்பக்கத்துப் பெயரைத்தான் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட திட்டத்தை மாநிலச் சட்டம் தொடவே முடியாது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தியாவில் இன்சூரன்ஸ் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது, ஹைதராபாத்தில் ஒரே ஒரு ஆணையம், நாடு முழுக்க அதுதான் கேட்கும். இங்கே தலைகீழ். 1869-ல் ஒரு வழக்கு. வர்ஜீனியாவில் ஒரு ஏஜென்ட், நியூயார்க் கம்பெனிகளின் தீ விபத்துக் காப்பீட்டை அந்த மாநில லைசென்ஸ் இல்லாமல் விற்றார், தண்டனை கிடைத்தது. மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத்தானே, வர்ஜீனியா யார் கேட்பதற்கு என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். இன்சூரன்ஸ் பாலிசி என்பது வியாபாரச் சரக்கே கிடையாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. 75 வருஷம் அதுதான் சட்டம். 1944-ல் அதே கோர்ட் மனசை மாற்றிக்கொண்டு, இல்லை, இதுவும் வியாபாரம்தான் என்றது. மாநிலங்களும் கம்பெனிகளும் அலறிய அலறலில் அடுத்த வருஷமே, 1945-ல், காங்கிரஸ் மெக்கரன்-ஃபெர்குசன் சட்டத்தைக் கொண்டுவந்து, இன்சூரன்ஸை மாநிலங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று பழையபடி கையில் கொடுத்துவிட்டது. அதனால்தான் இன்றைக்கும் 50 மாநிலத்துக்கு 50 இன்சூரன்ஸ் கமிஷனர். கலிபோர்னியாவில் ஒன்று போதாமல் இரண்டு துறைகள், எந்த வகைத் திட்டம் எந்தத் துறையில் என்பது தனிப் புராணம்.

இதெல்லாம் ஒரு ஒழுங்காகவே இருந்தது, 1974 வரை. அந்த வருஷம் வந்தது எரிசா, ஃபெடரல் தொழிலாளர் துறை பார்த்துக்கொள்ளும் சட்டம். அது பென்ஷனுக்காகப் போட்ட சட்டம் என்பதுதான் வேடிக்கை. 1963-ல் இண்டியானாவில் ஸ்டூட்பேக்கர் கார் தொழிற்சாலையை மூடியபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் பென்ஷன் காற்றோடு போனது, அந்தக் கோபத்தில் பத்து வருஷம் பேசிப் பேசி உருவான சட்டம். அதில் மருத்துவத் திட்டங்களும் உள்ளே வந்தன. ஊழியர் நலத் திட்டங்கள் விஷயத்தில் மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று ஒரு பிரிவு. ஆனால் இன்சூரன்ஸை ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டங்கள் மட்டும் செல்லும் என்று அதற்கு ஒரு விலக்கு. அந்த விலக்குக்கும் ஒரு விலக்கு: முதலாளி தானே பணம் போட்டு நடத்தும் திட்டத்தை இன்சூரன்ஸ் என்று மாநிலங்கள் கருதக் கூடாது. மூன்று வாக்கியங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். என் நண்பரின் பையனுக்குத் தெரபி இல்லாமல் போனது அந்த மூன்றாவது வாக்கியத்தால்.

இதில் இன்னொரு மோசமான விளைவு உண்டு, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாநிலச் சட்டத்தைத் தள்ளிவைத்தார்களே, அந்த இடத்தில் ஃபெடரல் சட்டம் எதையாவது வைத்தார்களா என்றால், மருத்துவத் திட்டங்களைப் பொறுத்தவரை அன்றைக்கு ஏறக்குறைய ஒன்றும் வைக்கவில்லை. இன்ன நோய்க்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எதுவும் அதில் கிடையாது. மறுத்தால் வழக்குப் போடலாம். ஜெயித்தால் கிடைப்பது மறுத்த அந்தச் சிகிச்சைக்கான பணமும், கோர்ட் மனசு வைத்தால் வக்கீல் செலவும், அவ்வளவுதான். மறுத்ததால் உங்களுக்கு என்ன ஆனது என்பதற்கு நஷ்டஈடு கிடையாது. டெக்சாஸ் 1997-ல், சிகிச்சை முடிவில் கவனக்குறைவு இருந்தால் எச்.எம்.ஓ. என்ற வகை மருத்துவத் திட்டத்தை நடத்தும் கம்பெனி மேல் வழக்குப் போடலாம் என்று துணிச்சலாக ஒரு சட்டம் போட்டது. டாக்டர் எழுதிய மருந்துக்குப் பதிலாக வேறு மருந்தை முதலில் எடுத்துப் பார்க்கச் சொன்னதால் வயிற்றில் ரத்தக்கசிவு வந்துவிட்டது என்று ஒருவர் அந்தச் சட்டப்படி வழக்குப் போட்டார். 2004-ல் உச்ச நீதிமன்றம், வேலை வழியாக வந்த திட்டம் என்பதால் எரிசா குறுக்கே நிற்கிறது, மாநிலச் சட்டம் செல்லாது என்று முடித்துவிட்டது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில்.

மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. சீர்திருத்தம் என்றால் ஒபாமாவிலிருந்து தொடங்குவது நமக்கெல்லாம் பழக்கமாகிவிட்டது, ஆனால் இந்த நியூஜெர்சியே 1992-ல் ஒரு பெரிய முயற்சி செய்தது. தனிநபர் பாலிசி கேட்டு வருகிறவர்களுக்கு நோய் இருந்தாலும் கொடுத்தே ஆக வேண்டும், நோயைக் காரணம் காட்டி விலையை ஏற்றக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் ஆரோக்கியமாக இருக்கிறவன் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, வாங்குவதற்கு நிலைத்து நின்ற மானியமும் இல்லை. நோய் வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கும்போது எவன் முன்னாடியே வாங்குவான்? நோயாளிகள் மட்டும் மிஞ்சினார்கள், பிரீமியம் ஏறிக்கொண்டே போனது, ஏற ஏற இன்னும் பலர் விலகினார்கள். மாசசூசெட்ஸ் அதைப் பார்த்துப் பாடம் படித்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2006-ல் மிட் ராம்னி கவர்னராக இருந்தபோது கட்டாயம், மானியம், எல்லாருக்கும் கவரேஜ் மூன்றையும் ஒன்றாகக் கட்டினார்கள், அது நின்றது. அதே வருஷம் மேரிலாந்து வேறு வழியில் போனது: பத்தாயிரம் பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனி, சம்பளச் செலவில் 8 சதவீதத்தை ஊழியர் மருத்துவத்துக்குச் செலவிட வேண்டும், இல்லாவிட்டால் மிச்சத்தை அரசுக்குக் கட்ட வேண்டும். எல்லாரும் அதை வால்மார்ட் சட்டம் என்றே சொன்னார்கள். எரிசாவைக் காட்டி கோர்ட் அதையும் தூக்கியது. ஹவாய் மட்டும் தப்பித்த கதை உண்டு. எரிசா வருவதற்குச் சில மாதம் முன்பே முதலாளிகள் கவரேஜ் தந்தாக வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது, கோர்ட்டில் தோற்றது, பிறகு 1983-ல் காங்கிரஸே தனி விலக்குக் கொடுத்தது. வேறு எந்த மாநிலத்துக்கும் அந்த வரம் கிடைக்கவில்லை.

இப்போது ஒபாமாகேர், 2010-ல் வந்த ஃபெடரல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். 2009 இலையுதிர் காலத்தில் நான் இதையெல்லாம் செய்தியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாடு முழுக்க ஒரே சந்தை வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். கீழ்ச்சபை நிறைவேற்றிய மசோதாவில் அப்படித்தான் இருந்தது, ஃபெடரல் அரசு நடத்தும் தேசியச் சந்தை. செனட்டில் 60 ஓட்டு வேண்டும், அதில் ஒரு ஓட்டு நெப்ராஸ்காவின் பென் நெல்சனுடையது. அந்த மனிதர் அரசியலில் பெரிய ஆளாவதற்கு முன்னால் நெப்ராஸ்காவின் இன்சூரன்ஸ் டைரக்டராக இருந்தவர், மாநில இன்சூரன்ஸ் கமிஷனர்களின் சங்கத்திலும் பொறுப்பு வகித்தவர். மாநிலங்களின் கையை விட்டு அதிகாரம் போவதற்கு அவர் எப்படிச் சம்மதிப்பார்? மாநிலத்துக்கு ஒரு சந்தை, அதாவது எக்ஸ்சேஞ்ச், என்று செனட் மசோதா வந்தது. ஜனவரி 2010-ல் மாசசூசெட்ஸ் இடைத்தேர்தலில் ஜனநாயகக் கட்சி தோற்று 60-வது ஓட்டு கையை விட்டுப் போனதும், இரண்டு மசோதாவையும் உட்கார்ந்து இணைக்க வழியில்லாமல் செனட் மசோதாவே, சில்லறைத் திருத்தங்களோடு, சட்டமாகிவிட்டது. இன்று நாம் பார்க்கும் அமைப்பில் பாதி, யோசித்துச் செய்தது கிடையாது, நேரம் தீர்ந்துபோனதில் நின்ற இடம்.

அதன் விளைவு என்னவென்றால், அடித்தளம் ஃபெடரல், மேலே வீடு கட்டுவது மாநிலம். நோயைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது, வயதானவருக்கு இளைஞரைப்போல மூன்று மடங்குக்கு மேல் விலை வைக்கக் கூடாது, பத்து வகைச் சேவைகள் இருந்தே ஆக வேண்டும், இதெல்லாம் வாஷிங்டன் போட்ட விதி. அமல்படுத்துவது மாநில கமிஷனர். சில மாநிலங்கள், டெக்சாஸ் அதில் ஒன்று, உங்கள் சட்டத்தை நாங்கள் அமல்படுத்த மாட்டோம் என்று கையை விரித்தன, அங்கெல்லாம் ஃபெடரல் அரசே இறங்கிப் பார்க்க வேண்டியதாயிற்று. எக்ஸ்சேஞ்ச் கதையும் அதேதான். எல்லா மாநிலமும் ஆசையாக வந்து நடத்தும் என்று எதிர்பார்த்தார்கள், பெரும்பாலானவை நடத்தவில்லை, பாரம் முழுக்க ஃபெடரல் அரசின் இணையதளமான ஹெல்த்கேர் டாட் கவ் தலையில் விழுந்து 2013 அக்டோபரில் அது எப்படிப் படுத்தது என்று ஊருக்கே தெரியும். (சாஃப்ட்வேர்காரன் என்ற முறையில் அந்த மாதம் எனக்குத் தூக்கம் வந்தது, நம் ப்ராஜெக்ட் பரவாயில்லை என்று.) அப்புறம் 'மாநிலம் நிறுவிய எக்ஸ்சேஞ்ச்' என்று சட்டத்தில் ஓர் இடத்தில் இருந்ததைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் ஃபெடரல் தளத்தில் வாங்குகிறவர்களுக்கு மானியம் கிடையாது என்று ஒரு வழக்கு. 2015-ல் 6-க்கு 3 என்று பிழைத்தது.

மாநிலங்கள் கையில் இருப்பது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால், பத்து வருஷம் முன்பு கெட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். ஐம்பது விதியாம், ஐம்பது ஆபீஸாம், என்ன வெட்டிச் செலவு. 2017-க்குப் பிறகு என் எண்ணம் கொஞ்சம் மாறியது. எல்லாரும் இன்சூரன்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்ற ஒபாமாகேர் கட்டாயத்துக்கான அபராதத்தை காங்கிரஸ் அந்த வருஷம் பூஜ்யமாக்கியது, 2019 முதல். நியூஜெர்சி உடனே தன் மாநில வரியோடு சேர்த்து அதே கட்டாயத்தை 2019-லேயே கொண்டுவந்தது, 1992-ல் சூடுபட்ட பூனை அல்லவா. குறுகிய காலப் பாலிசிகள் விஷயத்திலும் அப்படித்தான். அவை ஒபாமாகேர் விதிகளுக்குள் வராதவை, பழைய நோயைக் காட்டி மறுக்கலாம். 2018-ல் ட்ரம்ப் அரசு ஏறக்குறைய ஒரு வருஷம் வரை விற்கலாம் என்றது, 2024-ல் பைடன் அரசு நீட்டிப்பையும் சேர்த்து நாலு மாதம் என்று சுருக்கியது. வாஷிங்டனில் ஆள் மாறினால் விதி மாறும். அந்த ஆட்டத்தில், இங்கே அதெல்லாம் விற்கக் கூடாது என்று தடுத்து வைத்த மாநிலங்களில் இருந்தவர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. ஒரே ஒரு கதவு என்றால், அதை ஒருவன் திறந்தால் எல்லார் வீட்டிலும் திருடன்.

மாநில எல்லை தாண்டி இன்சூரன்ஸ் விற்க விட்டால் எல்லாம் மலிவாகிவிடும் என்று தேர்தலுக்குத் தேர்தல் ஒரு கோஷம் வரும், அதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஜார்ஜியா 2011-ல் வெளிமாநில பாலிசிகளை விற்கலாம் என்று சட்டமே போட்டு வாசலைத் திறந்து வைத்தது. ஒரு கம்பெனியும் வரவில்லை. அட்லாண்டாவில் ஆஸ்பத்திரிகளோடும் டாக்டர்களோடும் ஒப்பந்தம் இல்லாமல் வெறும் பாலிசியை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

ஆனால் மாநிலம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் எரிசா என்ற சுவரில் முட்டிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு நல்ல உதாரணம் சர்ப்ரைஸ் பில். நெட்வொர்க்கில், அதாவது உங்கள் திட்டத்தோடு ஒப்பந்தத்தில், உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறீர்கள், மயக்க மருந்து கொடுத்தவர் நெட்வொர்க்கில் இல்லை, ஒரு மாதம் கழித்து தனியாக பில் வருகிறது. நியூயார்க் 2015 முதல் தடுத்தது, நியூஜெர்சி 2018-ல் சட்டம் போட்டது. நியூஜெர்சி சட்டத்தில் செல்ஃப்-ஃபண்டட் திட்டங்களுக்கு, விருப்பம் இருந்தால் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம் என்று அழைப்பிதழ் வைத்தார்கள். கட்டளை போட அதிகாரம் இல்லாதவன் வேறு என்ன செய்வான், கெஞ்சத்தான் முடியும். கடைசியில் 2020 டிசம்பரில் காங்கிரஸ் நாடு முழுவதற்கும் சட்டம் போட்டது, 2022 ஜனவரியிலிருந்து செல்ஃப்-ஃபண்டட் திட்டத்துக்கும் செல்லும். மாநிலங்கள் முதலில் செய்து பார்த்திருக்காவிட்டால் அதுவும் வந்திருக்காது என்று நினைக்கிறேன். தரைவழி ஆம்புலன்ஸை மட்டும் அதில் விட்டுவிட்டார்கள், ஹெலிகாப்டருக்கு உண்டு, தெருவில் வரும் வண்டிக்குக் கிடையாது.

என் கட்சி இதுதான். அடித்தளத்தை வாஷிங்டன் போடட்டும், மேலே மாநிலங்கள் அவரவர் வசதிப்படி கட்டட்டும். ஆனால் முதலாளி எப்படிப் பணம் கொடுக்கிறார் என்ற கணக்குப் புத்தக விஷயத்தை வைத்து, ஒரே தெருவில் இருக்கும் இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்குச் சட்டம் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை என்பதை எவனாலும் நியாயப்படுத்த முடியாது. பல மாநிலத்தில் ஆள் வைத்திருக்கும் கம்பெனிக்கு ஐம்பது விதி தொல்லை என்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன், தொல்லைதான். அதற்கு ஒரே விதியாக நல்ல விதியை வைத்திருக்கலாமே, விதியே இல்லாமல் விட்டது ஏன்? ஒபாமாகேர் இதில் கொஞ்சம் சரி செய்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. ஆயுள் உச்சவரம்பை எடுத்தது, பிள்ளைகளை 26 வயது வரை வைத்துக்கொள்ளலாம் என்றது, மறுத்தால் வெளியாள் ஒருவரிடம் மறுபரிசீலனைக்குப் போகலாம் என்றது, இதெல்லாம் செல்ஃப்-ஃபண்டட் திட்டத்துக்கும் பொருந்தும். ஆனால் அந்தப் பத்து வகைச் சேவை விதி பொருந்தாது.

நண்பர் விஷயம் எப்படி முடிந்தது என்றால், தொழிலாளர் துறைக்குப் போன் போட்டார், பொறுமையாகப் பேசினார்கள், திட்ட ஆவணத்தை எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கச் சொன்னார்கள். வாங்கிப் பார்த்தால் அந்தத் தெரபி விலக்குப் பட்டியலில் தெளிவாக இருந்தது. அப்புறம் நான் சொன்னேன், பணம் உங்கள் கம்பெனியுடையது, விதியும் அவர்கள் எழுதியது, அப்படியானால் போய்க் கேட்க வேண்டிய இடம் எச்.ஆர்.தான் என்று. ஆபீஸில் இதே நிலைமையில் இன்னும் மூன்று பெற்றோர் இருப்பதைக் கண்டுபிடித்தார், நாலு பேரும் சேர்ந்து எழுதினார்கள், ஏழு மாதம் இழுத்தடித்து ஜனவரியிலிருந்து சேர்த்துக்கொண்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்த ஏழு மாதம் ஐந்து வயதுப் பையனுக்கு ரொம்பப் பெரிய காலம்.

என் பெண்ணுக்கு அடுத்த மாதம் 26 முடிகிறது. நியூஜெர்சியில் கல்யாணமாகாத பிள்ளைகள் தனியாக பிரீமியம் கட்டி 31 வயது ஆகும் வரை பெற்றோர் திட்டத்தில் இருக்கலாம் என்று சட்டம் உண்டு. அதையும் என் கம்பெனியில் கேட்டேன், பதில் தெரிந்தே கேட்டேன். நல்லவேளை, அவளுக்கு டாலஸில் வேலை கிடைத்துவிட்டது. டெக்சாஸில் ஒரு நல்ல வழக்கம், மாநில அதிகாரத்துக்குள் வரும் திட்டம் என்றால் அட்டையிலேயே டி.டி.ஐ. அல்லது டி.ஓ.ஐ. என்று மூன்று எழுத்து அச்சடித்திருக்க வேண்டும். புது அட்டை வந்ததும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். "எதுக்குப்பா இதெல்லாம்" என்று அலுத்துக்கொண்டே அனுப்பினாள். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை.